மாமனும் மருமகனும் ஏன் பேசிக்கொள்வதில்லை?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் மின்னிலக்க நாணயம் பற்றிய ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் விலை ஏறுமா இறங்குமா என்று கேட்டவை சில. அந்த நாணயக்காரர்கள் தங்களுக்குள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டவைதாம் அதிகம். எனக்கு அதில் மகிழ்ச்சி. சிங்கப்பூரின் தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்றின் முகப்பில் இருபத்தேழு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு பணத்தை வைத்திருப்பவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று தெரிந்தால், அந்தப் பணம் எப்படிப்பட்டது என்பது பாதி விளங்கிவிடும்.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு வயது 52, மகனுக்கு 26. தீபாவளியன்று எங்கள் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தவர்கள், பிட்காயின், பிட்காயின் கேஷ் என்று ஏதோ பேச ஆரம்பித்து, பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். "உங்களிடம் இருப்பது பிட்காயினே இல்லை, மாமா" என்று மகன் சொன்னதுதான் தம்பிக்குப் பொறுக்கவில்லை. பொங்கலுக்கும் அவன் வரவில்லை. அப்படி என்ன பெரிய விஷயம் இது?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: பெரிய விஷயம்தான், தங்கையே. அந்த உலகம் இரண்டு ஆண்டுக்குமேல் இதற்காகவே மல்லுக்கு நின்றது.

பிட்காயினில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்கள் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கட்டாகச் சேர்ந்து பொதுக் கணக்கேட்டில் ஏறுகின்றன. அந்தக் கட்டுக்கு பிளாக் என்று பெயர். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதிய, இன்றுவரை யாரென்று தெரியாத அதன் படைப்பாளி, 2010இல் ஒரு பிளாக்குக்கு ஒரு மெகாபைட் என்று அளவு வைத்தார். நொடிக்கு ஏழு பரிமாற்றம் என்பதே அதன் உச்சம் என்று சொல்வார்கள். ஆட்கள் குறைவாக இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. 2015 வாக்கில் இடம் நெருக்கியது. அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்று இரண்டு அணி பிரிந்தது.

அளவைக் கூட்ட வேண்டும் என்ற உங்கள் தம்பியின் அணி சொன்னது இது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி வெளியிட்ட ஒன்பது பக்க அறிக்கையின் தலைப்பிலேயே மின்னணு ரொக்கம் என்றுதான் இருக்கிறது. ரொக்கம் என்றால் காப்பிக்கடையில் கொடுக்க முடிய வேண்டும். இடம் இல்லாமல் கட்டணம் ஏறினால் ஏழைக்கு அது ரொக்கமே அல்ல. இந்த அச்சம் பொய்யாகவும் இல்லை. 2017 டிசம்பரில் ஒரு பரிமாற்றத்துக்கான சராசரிக் கட்டணம் 50 அமெரிக்க டாலரைத் தாண்டியது. நூறு வெள்ளி அனுப்ப வரும் தொழிலாளியிடம் ஐந்து வெள்ளி கட்டணம் என்று சொல்லவே எனக்கு நாக்குக் கூசியிருக்கிறது. அதனால் உங்கள் தம்பியின் கோபம் எனக்கு அந்நியமானதல்ல.

மகனின் அணி வேறொன்றைக் கண்டு பயந்தது. பிளாக் பெரிதானால் கணக்கேடும் பெருத்துவிடும். இன்று வீட்டுக் கணினியிலேயே முழுக் கணக்கேட்டையும் வைத்துக்கொண்டு, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று எவரும் சரிபார்க்கலாம். நாளை அது பெரிய நிறுவனங்களால் மட்டுமே முடியும் என்றால், சரிபார்ப்பவர்கள் நாலைந்து பேராகக் குறைந்துவிடுவார்கள். பிறகு அது இன்னொரு வங்கி.

இரண்டு அணியிலும் நியாயம் இருக்கிறதே, யார் முடிவு செய்வது? சண்டை முற்றியது இந்தக் கேள்வியில்தான். நம் ஊரில் ஒரு தனியார் அடுக்குமாடி பத்து ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால், 80 விழுக்காட்டு உரிமை சம்மதித்தால் கூட்டு விற்பனைக்குப் போகலாம். மீதி 20 விழுக்காட்டினர் அழுதாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பிட்காயினில் அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. பிளாக்கின் வரம்பை நேரடியாகத் தொடாமல் இடத்தைக் கூட்டும் செக்விட் என்ற மாற்றத்துக்கு, மைனிங் செய்பவர்கள், அதாவது கணினிகளை ஓட்டி பிளாக்குகளைக் கட்டுபவர்கள், தங்கள் பிளாக்குகளில் 95 விழுக்காட்டில் சம்மதம் காட்ட வேண்டும் என்று முதலில் வைத்தார்கள். பல மாதங்கள் ஆகியும் அது எட்டவில்லை. கடைசியில் சாதாரணப் பயனர்கள் சிலர் 2017 ஆகஸ்ட் 1 என்று நாள் குறித்து, சம்மதம் காட்டாத பிளாக்குகளை இனி எங்கள் கணினிகள் ஏற்காது என்று அறிவித்தார்கள். மைனிங் நிறுவனங்கள் இறங்கிவந்தன. அதே ஆகஸ்ட் 1 அன்று மறு அணியினர் எட்டு மெகாபைட் பிளாக்குடன் தனியே போனார்கள். அதுதான் பிட்காயின் கேஷ்.

இது பங்காளிகளின் பாகப்பிரிவினை. 2009 ஜனவரி 3 தொடங்கி அந்த ஆகஸ்ட் வரை இரண்டுக்கும் ஒரே கணக்கேடு, ஒரே வம்சம். அன்று ஒருவரிடம் பத்து பிட்காயின் இருந்தால், அவருக்குப் பிரிந்த நாணயத்திலும் பத்து இருந்தது. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். பெயரும் விலையும் அவன் பக்கம் நின்றுவிட்டன. சரிபார்க்கும் உரிமையைக் காத்தது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் "அது பிட்காயினே இல்லை" என்பது பங்காளியைப் பார்த்து நீ எங்கள் தாத்தாவின் பேரனே இல்லை என்று சொல்வதற்குச் சமம். மாமனிடம் மருமகன்தான் முதலில் போய்ப் பேச வேண்டும்.

கேள்வி: பாகம் பிரித்த பிறகாவது அமைதி வந்ததா?
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வரவில்லை. தனியே போனவர்களே 2018 நவம்பர் 15 அன்று மறுபடி இரண்டாகப் பிரிந்தார்கள். அப்போது ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய கிரெய்க் ரைட், தானே சதோஷி என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தவர். அவர் சதோஷி அல்ல என்று 2024 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிட்காயினுக்குள் இப்போதைய சண்டை, கணக்கேட்டில் பணம் தவிர வேறு எதையும் எழுதலாமா என்பது. 2023 ஜனவரியில் ஆர்டினல்ஸ் என்ற முறை வந்து, படங்களையும் அதில் ஏற்ற ஆரம்பித்தார்கள். கட்டணம் கொடுத்தால் எதையும் எழுதலாம் என்கிறது ஓர் அணி. கணக்கேடு குப்பைத்தொட்டி அல்ல என்கிறது மற்றது. பிட்காயினை இயக்கப் பெரும்பாலோர் பயன்படுத்தும் பிட்காயின் கோர் மென்பொருளின் 30ஆம் பதிப்பு, பணம் அல்லாத தகவலுக்கு இருந்த அளவு வரம்பை 2025 அக்டோபரில் தளர்த்தியதும், பலர் கோபித்துக்கொண்டு நாட்ஸ் என்ற மாற்று மென்பொருளுக்கு மாறினார்கள்.

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கிறேன். எழுதப்பட்ட நிரல்தான் சட்டம் என்று சொல்லிவிட்டு, 2016இல் எதீரியம் மட்டும் திருட்டை அழித்து எழுதியது நேர்மையா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிக் கடுமையான வாக்குவாதம் நடந்தது.
– ஒரு மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தம்பி, மற்ற வாசகர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எதீரியமும் பிட்காயினைப் போல ஒரு பொதுக் கணக்கேடு, அதன் நாணயத்துக்கு ஈதர் என்று பெயர். தி டாவ் என்ற பெயரில் அதன் மேல் ஒரு முதலீட்டு நிதி எழுந்தது. அதற்கு மேலாளர் கிடையாது, நிரலே மேலாளர். சுமார் 15 கோடி அமெரிக்க டாலர் மதிப்புக்கு ஈதர் சேர்ந்தது. 2016 ஜூன் 17 அன்று ஒருவர் நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 36 லட்சம் ஈதரை உருவிக்கொண்டார். கணக்கைக் குறைப்பதற்கு முன்பே பணத்தைக் கொடுத்துவிடும் நிரல் அது. கொடு, கொடு என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்க, அதுவும் கொடுத்துக்கொண்டே இருந்தது. நல்ல வேளையாக, எடுத்த பணத்தை 28 நாளுக்கு வெளியே கொண்டுபோக முடியாதபடி விதி இருந்தது. அந்த இடைவெளியில் விவாதித்து, ஜூலை 20 அன்று கணக்கேட்டை மாற்றிப் பணத்தை உரியவர்களுக்குத் திருப்பினார்கள். ஒப்பாதவர்கள் மாற்றப்படாத பழைய ஏட்டையே தொடர்ந்தார்கள். அதுதான் எதீரியம் கிளாசிக்.

நான் மீட்டவர்கள் பக்கம். காரணம் என் முகப்பில் இருக்கிறது. 1996இல் ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளியின் ஆறு மாதச் சேமிப்பு, கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால், யாரோ ஒருவரின் கணக்கில் போய் விழுந்தது. இடம் மாற்றி எழுதியவள் நான். பதினொரு நாள் அவர் வேலை முடிந்து, எண்ணெய்க் கறையோடு வந்து முகப்புக்கு எதிரே நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் பணம் திரும்பியது, திருப்பும் அதிகாரம் எங்கோ ஒரு மேசையில் ஒருவருக்கு இருந்ததால். அந்தப் பதினொரு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. நிரல் சொன்னதுதான் முடிவு என்று அந்த மனிதரின் முகத்துக்கு நேரே என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் கிளாசிக்காரர்கள் கேட்டது கல்நெஞ்சுக் கேள்வி அல்ல. இன்று இவருக்குத் திருப்பினால் நாளை எவருக்கு மறுப்பீர்கள் என்றார்கள். அடுத்த ஆண்டே அந்த நாள் வந்தது. 2017 நவம்பரில் பாரிட்டி என்ற பணப்பையின் நிரலில் ஒரு பிழை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் எவரும் எடுக்க முடியாதபடி பூட்டிக்கொண்டது. மீட்டுத் தரும்படி 2018இல் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்குத் திறக்கவில்லை. எந்த அளவுகோலால் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. என் மனத்தை உறுத்துவது இதுதான், தம்பி. வங்கியில் முறையீட்டுக்கு ஒரு படிவமாவது இருக்கும். உங்கள் வகுப்பில் அடுத்த முறை வாதிடும்போது தி டாவை மட்டும் பேசாமல் பாரிட்டியையும் சேர்த்துப் பேசுங்கள்.

கேள்வி: நாணயங்களைச் சந்தை நிறுவனத்திடமே விட்டுவைக்கலாமா, நாமே வைத்துக்கொள்ள வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, தெம்பனிஸ்

பதில்: சாவி என்பது நாணயத்தை எடுக்க உதவும் ரகசியக் குறியீடு. சாவி உன்னிடம் இல்லையென்றால் நாணயமும் உன்னுடையது இல்லை என்பது அவர்களிடையே வேதவாக்கு. 2014இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் என்ற சந்தை நிறுவனம் வீழ்ந்தபோது அது பிறருக்கும் உறைத்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற இன்னொரு சந்தை நிறுவனம் வீழ்ந்தபோது நம் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கே 275 மில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டை முழுவதும் நட்டமாக எழுதியது. அத்தனை ஆய்வாளர்களை வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி. நானும் அதே ஆண்டு ஒரு தளத்தில் 4,000 வெள்ளியை வட்டிக்கு விட்டிருந்தேன். ஒரு காலை, பணம் எடுக்கும் வசதி நிறுத்தப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் மறுபக்கம் நிற்பவர்களைக் கோழைகள் என்று ஏசுவதை நான் ஏற்க மாட்டேன். என் தோழியின் கணவர் சாவியைத் தாமே வைத்திருந்தார். சாவியை மீட்கும் 24 சொற்கள், ஏதோ ஒரு தாளில். மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். அலமாரி, பழைய கைப்பைகள், பூசையறைப் பெட்டி என்று மூன்று மாதம் தேடினோம். நாணயங்கள் கணக்கேட்டில் இன்னும் இருக்கின்றன. அவளால் பார்க்க முடிகிறது, எடுக்க முடியவில்லை.

சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022 ஜனவரியில் பொது இடங்களில் இதற்கு விளம்பரம் செய்வதைத் தடுத்தது. 2023 ஜூலையில், வாடிக்கையாளரின் சொத்தை நிறுவனத்தின் சொத்தோடு கலக்காமல் அறப்பொறுப்பில் தனியே வைக்க வேண்டும் என்றும், சாதாரண வாடிக்கையாளரின் நாணயங்களைக் கடனுக்கு விட வழிசெய்யக் கூடாது என்றும் அறிவித்தது. ஆகவே சிறு தொகையென்றால் ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனம் போதும். நீங்களே வைத்துக்கொள்வதாக இருந்தால், அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கு இன்றிரவே சொல்லுங்கள்.

கேள்வி: எந்த நாணயத்தை வாங்கலாம்?
– நான்கு வாசகர்கள்

பதில்: நான் சொல்ல மாட்டேன். உங்கள் சேமிப்பு போனால் என்னால் திருப்பித் தர முடியாது.

கேள்வி: அக்கா, துவாஸில் வெல்டிங் வேலை செய்கிறேன். ஊர் திருவாரூர் பக்கம். யுஎஸ்டிடி வழியாக வீட்டுக்கு அனுப்பினால் கட்டணம் குறைவு என்கிறார் அறை நண்பர் ஒருவர். அது கிரிப்டோவே இல்லை, நம்பாதே என்கிறார் மற்றவர். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், துவாஸ்

பதில்: தம்பி, இரண்டாமவர் சொல்வது அந்த உலகத்தின் பழைய குற்றச்சாட்டு. யுஎஸ்டிடி போன்ற ஒரு நாணயம் எப்போதும் ஒரு அமெரிக்க டாலர் மதிப்பில் நிற்க வேண்டுமென்றால், பின்னால் டாலரை வைத்துக் காக்கும் நிறுவனம் வேண்டும். அந்த நிறுவனம் நினைத்தால் உங்கள் முகவரியை முடக்கலாம். 2022 ஆகஸ்டில் பணம் வந்த தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் என்ற சேவையை அமெரிக்க அரசு தடைசெய்ததும், இதே வகை டாலர் நாணயமான யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் அந்த முகவரிகளில் இருந்த தன் நாணயங்களை உடனே முடக்கியது. நிறுவனமே வேண்டாம், கணக்குச் சூத்திரம் காக்கும் என்று வந்த டெரா அதே ஆண்டு மே மாதம் சில நாள்களில் மண்ணோடு மண்ணானது. அவர்களின் வாதம் அதோடு இருக்கட்டும். உங்களுக்கு அது முக்கியமில்லை.

உங்களுக்கு முக்கியம், ஊரில் அது ரூபாயாக மாறும் இடம். அங்கே விற்கும்போது, 2022 ஜூலை முதல் ஒரு விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு. லாபம் இருந்தால் 30 விழுக்காடு வரி. வாங்குபவர் முன்பின் தெரியாதவர். உங்கள் மனைவியின் கணக்கில் அவர் போடும் ரூபாய் மோசடிப் பணமாக இருந்தால் அந்தக் கணக்கு முடங்கும். பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

2023 பிப்ரவரி 21 அன்று உடனடியாகப் பணம் அனுப்பும் முறைகளான சிங்கப்பூரின் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆயிரம் வெள்ளி வரை என்று வரம்பு வைத்தார்கள். எல்லா வங்கியிலும் அந்த வசதி இல்லை. உங்கள் சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது என்று கடிதத்தில் இல்லையே. எழுதுங்கள். அந்த வங்கியில் இது இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, என்ன மாற்று விகிதம் கொடுக்கிறார்கள் என்று நானே போய்க் கேட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.