மூன்றாவது முறையும் வாசிக்கலாமா, டாக்டர்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மருத்துவ மாணவர்களுடையவை. எல்லாம் உரிமத் தேர்வைப் பற்றியே. மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

தேர்வுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் இரண்டு முறை வாசித்துவிட்டேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. மாதிரித் தேர்வு எழுதினால் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டவில்லை. மூன்றாவது முறையும் முழுதாக வாசித்துவிட்டு அப்புறம் கேள்விகளைத் தொடலாமா?
— இறுதியாண்டு மாணவர்

வேண்டாம் தம்பி. ‘எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது’ என்கிறீர்களே, கோளாறே அங்கேதான். கண்ணுக்குப் பழகிப்போன பக்கத்தை மூளைக்குள் ஏறிவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

நான் முதல் தடவை தோற்றதும் இப்படித்தான். நான்கு நிறத்தில் மார்க்கர் வைத்திருந்தேன். நோய்க் காரணத்துக்கு மஞ்சள், மருந்துக்குப் பச்சை என்று புத்தகமே கோலம் போட்ட மாதிரி இருக்கும். தேர்வில் சிறுநீரகம் பற்றி ஒரு கேள்வி. அந்த அட்டவணை இடப்பக்கம், கீழே, பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுவரை அப்படியே கண்ணில் நிற்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை!

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சிலவற்றை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். சிலவற்றை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்ததுதான் முந்தியது: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: வாசித்தது 42, எழுதிப் பார்த்தது 56. வாசித்த ஐந்தாவது நிமிடம் தேர்வு வைத்தால் நீங்கள்தான் முதல் மாணவர். என்ன செய்ய, அப்படி வைக்க மாட்டார்களே.

சரி, பத்து வாரம் போதுமா? போதும். நாளையிலிருந்தே காலையில் நாற்பது கேள்விகள், கடிகாரம் வைத்து. ‘இன்று இதயம், நாளை நுரையீரல்’ என்று பிரிக்காமல் எல்லாப் பாடமும் கலந்து வரட்டும். தேர்வில் எந்த நோயாளியும் ‘நான் நுரையீரல் பாடத்திலிருந்து வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். நாற்பதுக்கு ஒரு மணி நேரம் என்றால், அதைத் திருத்திப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மதிப்பெண் ஏறுவது இந்த இரண்டு மணி நேரத்தில்தான். சரியாகப் போட்ட விடைகளையும் பாருங்கள். அவற்றில் எத்தனை குருட்டாம்போக்கில் போட்டவை என்பது உங்களுக்கே தெரியும்.

தவறுகளுக்கு ஒரு தனி நோட்டு வேண்டும். அதில் எப்படி எழுதுவது என்பதற்கு என்னுடைய தவறையே சொல்கிறேன். இளம்பெண், உடல் சோர்வு, இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. பொட்டாசியம் குறைவு, பைகார்பனேட் அதிகம், சிறுநீரில் குளோரைடு மிகக் குறைவு. காரணம் என்ன? யாருக்கும் தெரியாமல் டையூரெடிக் (சிறுநீரை அதிகம் போக வைக்கும் மருந்து) சாப்பிடுகிறார் என்று குறித்தேன். சரியான விடை, யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுக்கிறார் என்பது. அன்று நோட்டில் ‘வாந்தி, டையூரெடிக் வித்தியாசம் படிக்க வேண்டும்’ என்று எழுதிவைத்தேன். இது ஒன்றுக்கும் உதவாத குறிப்பு. பின்னாளில் எழுதப் பழகியது இப்படி: ‘பொட்டாசியத்தைப் பார்த்ததுமே டையூரெடிக் என்று தாவிவிட்டேன், கடைசி எண்ணை வாசிக்கவில்லை. வாந்தியில் குளோரைடு வயிற்று அமிலத்தோடு போய்விடுகிறது, அதனால் சிறுநீரகம் மிச்சத்தை இறுக்கிப் பிடிக்கிறது. டையூரெடிக் வேலை செய்யும்போது சிறுநீரகமே அதை வெளியே விடுகிறது.’ எங்கே வழுக்கினேன், ஏன் வழுக்கினேன் இரண்டும் இதில் இருக்கிறது. பாதித் தவறுகள் பாடம் தெரியாததால் வந்தவையே அல்ல, அவசரத்தால் வந்தவை என்பது நோட்டு நிரம்ப நிரம்பத் தெரிந்தது.

இந்தத் தவறுகளை ‘அங்கி’ (Anki) மாதிரி கேள்வி-விடை அட்டைச் செயலியில் போட்டுக்கொண்டால் மறக்கும் நேரம் பார்த்து அதுவே திரும்பக் கேட்கும். ஓர் அட்டைக்கு ஒரே விஷயம். ஊரார் செய்த அட்டைக் குவியலை மொத்தமாக இறக்கிவைத்துக்கொண்டு, சேர்ந்துபோன பாக்கியைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள்.

அப்புறம் அந்த நாற்பது மதிப்பெண். இதுவரை கேள்விகளைத் தொடாதவருக்கு அது பயப்பட வேண்டிய எண் அல்ல. மூன்று வாரம் இப்படிப் படித்த பிறகும் அசையாவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் படிக்கு இப்போது மதிப்பெண்ணே கிடையாது, தேறினால் போதும் என்கிறார்கள். மூன்று வாரம் படித்துவிட்டு எழுதிவிடலாமா?
— ஒரு மாணவி

மதிப்பெண் இல்லை என்பது உண்மை. 2022 ஜனவரி 26 முதல் ‘தேறினார், தேறவில்லை’ என்று மட்டுமே சொல்கிறார்கள். ஆனால் இரண்டாம் படிக்கு மூன்று இலக்க மதிப்பெண் இன்னும் இருக்கிறது. முதல் படியில் மேலோட்டமாக விட்ட நோய்க்குறியியலும் மருந்தியலும் அங்கே வந்து நிற்கும். முதல் படியில் தவறினால் அது பதிவேட்டில் இருக்கும்; ஒரு படியை மொத்தம் நான்கு முறைக்கு மேல் எழுதவும் முடியாது. மூன்று வாரம் உங்களுக்குப் போதுமா என்பதை என்னைக் கேட்காதீர்கள், தோழிகளையும் கேட்காதீர்கள். தேர்வை உருவாக்கும் என்.பி.எம்.இ. அமைப்பே சுயமதிப்பீட்டுத் தேர்வுகள் வைத்திருக்கிறது. ஒன்றை எழுதிப் பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். தேதியைக் குறித்துவிட்டு அதற்குள் படிப்பைத் திணிப்பவர்கள்தான் அதிகம் அல்லாடுகிறார்கள்.

தேர்வுக்கு முந்தின இரவு முழுக்க விழித்துப் படித்தால் கொஞ்சமாவது ஒட்டுமல்லவா?
— பெயர் வேண்டாம்

ஒட்டுவதைவிட உதிர்வது அதிகம். நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியின் கதையையும் வாசித்து முடிவெடுக்க வேண்டிய தேர்வு இது. மதியத்துக்கு மேல் ஒரே வரியை மூன்று முறை வாசிப்பீர்கள். கடைசி வாரத்தில் தேர்வு தொடங்கும் அதே நேரத்துக்கு உட்கார்ந்து ஒரு முழு மாதிரித் தேர்வாவது எழுதிவிடுங்கள், இடைவேளை உட்பட.

இரண்டாவது தடவை நான் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குத் தவறு நோட்டை ஒரு முறை புரட்டிவிட்டு மூடிவைத்தேன். குளோரைடு பக்கத்தை மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். மறுநாள் அந்தக் கேள்வி வரவே இல்லை.