மடியா, கார் சீட்டா? வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு மாதம், எடை ஏழரை கிலோ. எங்களுடையது சின்ன கார். எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. கைப்பிடி வைத்த குழந்தை சீட் மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது. அது போதுமா? ‘மடியில் வைத்துக்கொண்டாலே ஆயிற்றே’ என்கிறார் என் மாமியார்.
– வாசகி, ஈரோடு

முதலில் மடி. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி பத்தில் ஒரு விநாடியில் நின்றால், உள்ளே இருப்பவர்கள் தங்கள் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசையோடு முன்னால் தள்ளப்படுவார்கள். உங்கள் மகளின் ஏழரை கிலோ அந்த நொடியில் நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். எவ்வளவு இறுக்கி அணைத்திருந்தாலும் கை தாங்காது. இதை உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதமும் உண்டு.

கைப்பிடி சீட் பச்சிளம் குழந்தைக்கு அருமையானது. ஏழு மாதத்தில் புதிதாக வாங்குவது வீண் செலவு. அட்டையில் 13 கிலோ வரை என்று போட்டிருக்கும். ஆனால் எடைக்கு முன்பே உயரம் முந்திக்கொள்ளும். குழந்தையின் உச்சந்தலைக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் இடையே 2.5 செ.மீ. இல்லாமல் போனால் அந்த சீட்டைப் பயன்படுத்தக் கூடாது. பல குழந்தைகள் ஒரு வயதையொட்டி அந்த நிலைக்கு வந்துவிடுவார்கள்.

உங்கள் பணத்துக்கு ‘கன்வெர்ட்டிபிள்’ வகைதான் சரி. முதலில் காரின் பின்பக்கம் பார்த்தபடியும், வளர்ந்த பின் முன்பக்கம் பார்த்தபடியும் அதையே பொருத்தலாம். 18 கிலோ வரை வரும். எட்டாயிரத்துக்குள் தரச்சான்றுள்ளவை கிடைக்கின்றன. வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பின்பக்கம் பார்த்து உட்கார எத்தனை கிலோ வரை அனுமதி என்பது. சிலவற்றில் 10 கிலோதான். ஒன்றரை வயதுக்குள் தீர்ந்துவிடும். 13 கிலோ வரை அனுமதிப்பதையே கேட்டு வாங்குங்கள்.

அட்டைப்பெட்டியை நம்பாமல் சீட்டின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், கூடவே ‘ஆர்44/04’ அல்லது ‘ஆர்129’ என்றும் இருக்க வேண்டும். இவை சர்வதேசத் தரத்தின் அடையாளங்கள். ஏஐஎஸ் 072 என்பது இந்தியத் தரம். ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் துணி மெத்தை, ஸ்ட்ராப் வகையறாக்களில் இவை எதுவும் இருக்காது. தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள்.

பில் போடுவதற்கு முன் காரில் வைத்துக் கட்டிப் பாருங்கள். பின்பக்கம் பார்த்த சீட்டைச் சுற்றிவர காரின் பெல்ட்டுக்கு நிறைய நீளம் வேண்டும். சில சின்ன கார்களில் பெல்ட் எட்டாது. கடைக்காரர் இதற்குச் சம்மதிக்காவிட்டால், திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எவ்வளவு இறுக்கினாலும் சீட் ஆடுகிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம், வீட்டிலேயே சரிசெய்யலாம். நம் கார்களின் பின்சீட் பெல்ட் பெரும்பாலும் வெடுக்கென்று இழுத்தால் மட்டுமே பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் குழந்தை சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதைப் போடாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

காரின் பின்சீட்டில் இடது பக்கம் வையுங்கள். குழந்தையைச் சாலையோரமாக இறக்கலாம். அடியில் மெத்தை, தலையணை எதுவும் கூடாது. பெல்ட்டை முறுக்கில்லாமல் அதற்குரிய வழியில் நுழையுங்கள். பின்பக்கம் பார்த்தால் நீலக் குறி, முன்பக்கம் பார்த்தால் சிவப்புக் குறி. இரண்டையும் மாற்றிக் கோப்பதால் வரும் ஆட்டம்தான் அதிகம். பக்கிளைப் போட்ட பிறகு சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி உங்கள் எடையைப் போடுங்கள். அப்படியே முதலில் இடுப்புப் பகுதியை இழுத்து, அடுத்து தோள் பகுதியை இழுத்து, கிளிப்பை மூடுங்கள். இப்போது பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்குள் அசைந்தால் போதும். பின்பக்கம் பார்த்த சீட்டின் தலைப்பகுதி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது கோளாறில்லை.

அப்போதும் ஆடினால் காரின் பக்கிளைப் பாருங்கள். அது குழந்தை சீட்டின் விளிம்பில் மடங்கி நின்றால் பெல்ட் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. மோதும்போது பக்கிளே உடையலாம். பின்சீட்டின் மறுபக்கம் மாற்றிப் பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் அந்த சீட் உங்கள் காருக்கு ஒத்துவராது.

முன்சீட்டில் ஏர்பேக் செயல்படும் நிலையில் இருக்கும்போது, பின்பக்கம் பார்த்த சீட்டை அங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையின் தலைக்குப் பின்னால் அறைவது போலாகும்.

கேள்வி: பையன் தூங்கும்போது தலை முன்னால் தொங்கிவிடுகிறது. ஸ்ட்ராப்பைத் தளர்த்தினால் அழுகையை நிறுத்துகிறான். தளர்த்தலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

தளர்த்த வேண்டாம். தலை தொங்குவதற்குக் காரணம் சீட் நிமிர்ந்திருப்பது. தாடை மார்பில் ஒட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். பச்சிளம் குழந்தைக்குத் தரைக்கு 45 டிகிரி அளவில் சாய்வு தேவை. வளர வளரக் கொஞ்சம் நிமிர்த்தலாம். சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும். சமதரையில் காரை நிறுத்திவிட்டு அந்தக் கோடு தரைக்கு இணையாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், கையேடு அனுமதித்தால், ஒரு துண்டைச் சுருட்டி, காரின் சீட்டும் முதுகுப்பகுதியும் சேரும் மடிப்பில் குழந்தை சீட்டின் கால்பகுதிக்கு அடியில் வையுங்கள்.

ஸ்ட்ராப் பின்பக்கம் பார்த்த நிலையில் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழோ தொடங்க வேண்டும். முன்பக்கம் பார்த்த நிலையில் தோளுக்குச் சற்று மேல். தோளெலும்புக்கு அருகில் ஸ்ட்ராப்பை இரண்டு விரலால் நீளவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் தளர்வு இருக்கிறது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது தடித்த ஸ்வெட்டரோடு கட்டாதீர்கள். பஞ்சு அமுங்கி ஸ்ட்ராப் தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு கட்டி, மேலே போர்வை போர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கை காலை நீட்டவிடுங்கள். அழுகை பாதி அதிலேயே அடங்கும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கால் இடிக்கிறது. முன்பக்கம் திருப்பிவிடலாமா?
– வாசகர், மதுரை

கால் இடித்தால் மடக்கிக்கொள்வார்கள், சம்மணம் போட்டுக்கொள்வார்கள், ஆபத்தில்லை. சிறு குழந்தைக்குத் தலை கனமானது, கழுத்து எலும்பு இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை. நேருக்கு நேர் மோதும்போது பின்பக்கம் பார்த்த சீட் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். எடை, உயர வரம்பு தாண்டும் வரை திருப்பாதீர்கள்.

கேள்வி: உறவினர் பயன்படுத்திய சீட் தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா? அழுக்காக இருக்கிறது.
– வாசகி, கரூர்

விபத்தில் சிக்கியதில்லை என்று நேரில் தெரிந்தவராக இருந்தால் வாங்கலாம். தயாரித்த தேதியும் ஆயுளும் அடிப்பக்கம் அச்சிட்டிருக்கும், காலாவதியாகியிருந்தால் வேண்டாம். துணி உறையைக் கழற்றி, தெர்மாகோல் போன்ற உள்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உறையை உள்ளே தைத்திருக்கும் குறிப்புப்படி துவைக்கலாம். ஸ்ட்ராப்பை மட்டும் மெஷினிலோ ப்ளீச்சிலோ போடாதீர்கள், இழை வலுவிழக்கும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். பக்கிளில் பிஸ்கட் தூள் சிக்கி ‘க்ளிக்’ சத்தம் வரவில்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். எண்ணெய் விடக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் அந்த பக்கிளின் உலோகம் சுடும், குழந்தையை உட்கார வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.