ஒளி கசியும் டப்பா: ஒரு ஸ்டூடியோக்காரரின் கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊரில் முப்பத்திரண்டு வருடம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன் நான். யாஷிகாவில் கல்யாணம் எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கழுவி, ஆல்பம் ஒட்டிக் கொடுத்த தலைமுறை. இப்போது கடையை மூடிவிட்டேன். சென்னையில் படிக்கும் என் மகள் போன மாதம் ஹோல்கா என்று ஒரு பிளாஸ்டிக் கேமராவோடு வந்தாள். கையில் வாங்கிப் பார்த்தால் சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது. பின் மூடி ஆடுகிறது. பன்னிரண்டு படத்தில் ஐந்துதான் தேறியது, அந்த ஐந்திலும் மூலையெல்லாம் இருட்டு, ஓரத்தில் வெளிச்சம் கசிந்து சிவப்பாக ஒரு பட்டை. அதைத்தான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். நாங்கள் எதையெல்லாம் பிழை என்று பயந்து பயந்து தவிர்த்தோமோ, அதையெல்லாம் இந்தப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதே மாதிரி போனிலேயே வருகிறதே என்று கேட்டால், “உங்களுக்குப் புரியாதுப்பா” என்கிறாள். நீங்கள் இந்தக் கேமராவைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருப்பதாகவும் அவள்தான் சொன்னாள். கலை, ரசனை என்று சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இதில் அப்படி என்ன இருக்கிறது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹோல்காவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கல்யாணம் எடுக்கப் போனால் பெண் வீட்டார் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. பன்னிரண்டில் ஐந்து தேறியது என்று எழுதியிருக்கிறீர்கள். என் முதல் ரோலில் ஒன்றுகூடத் தேறவில்லை. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே பன்னிரண்டும் எடுத்திருக்கிறேன். உங்கள் யாஷிகாவில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், மேல் லென்ஸ் வழியாகப் பார்க்கிறீர்கள், மூடி போட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இதில் கண் வைக்கிற ஓட்டைக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. உலகம் பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும், உள்ளே பிலிம் இருட்டில் உட்கார்ந்திருக்கும்.

இந்த டப்பாக்களின் பிறந்த ஊர் ஹாங்காங். 1960-களின் தொடக்கத்தில் கவுலூனில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை டயானா என்று ஒரு கேமராவை வார்த்து மொத்த விலையில் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. டாலர் கணக்கில் ஒன்றிரண்டுதான் விலை. அதையே வேறு வேறு பெயர் ஒட்டியும் விற்றார்கள். ஹோல்கா அதற்கு இருபது வருடம் பிந்தியது, 1980-களின் ஆரம்பத்தில் லீ டிங்-மோ என்பவர் வடிவமைத்தது. சீனாவின் உள்ளூர்க் குடும்பங்கள் மலிவாக வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் திட்டம், அதனால்தான் அப்போது அங்கே சுலபமாகக் கிடைத்த 120 என்ற அகலமான பிலிம் ரோலுக்கே செய்தார்கள். கொஞ்ச நாளிலேயே 35 எம்எம் என்ற சின்ன பிலிம் வந்து அந்தச் சந்தையைத் தின்றுவிட்டது. யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் கைவிட்ட பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் கான்டனீஸ் மொழியில் ‘ஹோ குவோங்’ என்பதிலிருந்து வந்ததாம், நல்ல வெளிச்சம் என்று அர்த்தம். நீங்கள் பார்த்த சிவப்புப் பட்டையை நினைத்தால் பொருத்தமான பெயர்தான்.

நீங்கள் தொழில்காரர் என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடலாம். ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை, குவியத் தூரம் 60 எம்எம், ஷட்டர் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நொடி. சதுரப் படத்தின் மூலைவரை ஒழுங்காக வெளிச்சம் கொண்டுபோக ஒற்றை வில்லைக்குத் தெம்பு கிடையாது. நடுவில் ஓரளவு கூர்மை, போகப் போகக் குழைவு, மூலையில் இருட்டு. மேலே வெயிலுக்கு ஒரு படம், மேகத்துக்கு ஒரு படம் போட்டு ஒரு பொத்தான் இருக்கும் பாருங்கள், பழைய ஹோல்காக்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றும் மாறாது. தள்ளினால் வந்து நிற்கிற தட்டின் துளை, உள்ளே ஏற்கெனவே இருக்கிற துளையைவிடப் பெரியது! இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று, ஏனென்றால் அதற்கு முன் ஒரு வருடம் நான் வானத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் பொத்தானை மாற்றிக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு சாதாரண டப்பா கேமரா இருந்தது, பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் த்ரீ. அதை நாங்கள் பொம்மை என்று சொன்னதில்லை. சித்தப்பா அதை வெளியே எடுத்தால் வீட்டில் எல்லோரும் தலை சீவிக்கொள்வார்கள், பாட்டி மூக்குத்தியைச் சரிசெய்துகொள்வாள், யாரோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார்கள். பன்னிரண்டே படம், அதில் ஒன்று அழிந்தாலும் சித்தப்பா ஆறு மாதத்துக்குப் பேச்சு வாங்க வேண்டும். இப்போது யோசித்தால், நம் ஊரில் போட்டோ என்பதே யாரோ கேட்டு எடுப்பதாகத்தான் இருந்திருக்கிறது. பாஸ்போர்ட் ஆபீஸ் கேட்கும், பெண் பார்க்கிறவர்கள் கேட்பார்கள், கல்யாண வீடு கேட்கும், கடைசியில் சாவு வீடும் கேட்கும், மாலை போட்ட படத்துக்கு. உங்கள் முப்பத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காமல், யாருக்கும் கொடுக்க வேண்டியில்லாமல், எத்தனை பிரேம் எடுத்திருப்பீர்கள்? ரோல் முடிவில் மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டில் கடை வாசல் நாயை எடுத்திருக்கலாம். நான் பேசுவது அந்த ஒன்றிரண்டு பிரேமைப் பற்றி மட்டும்தான்.

ஹோல்காவை நம்பி யாரும் எந்த வேலையும் தரமாட்டார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் நல்லா எடுங்க என்று ஒருவரும் சொல்வதில்லை, பிளாஸ்டிக் லென்ஸைப் பார்த்துவிட்டு அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான். தூரத்துக்கு நாலு பொம்மைப் படம் இருக்கிறது, ஒரு ஆள், மூன்று ஆள், கூட்டம், மலை, அதில் ஒன்றைத் திருப்பி வைத்தால் ஆயிற்று. அப்புறம் எனக்கு மிஞ்சுவது எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது என்ற இரண்டு முடிவுதான்.

போனில் இதே மாதிரி வருகிறதே என்றீர்களே, வரும்தான். 2010-ல் இன்ஸ்டாகிராம் வந்தபோது சதுரப் படமும் மங்கல் சாயமுமாக வந்ததற்கு ஹோல்காவும் ஒரு காரணம். அதை உருவாக்கிய கெவின் சிஸ்ட்ராம் மாணவராக பிளாரன்ஸ் நகரில் புகைப்படம் கற்கப் போனபோது, அவருடைய வாத்தியார் அவர் கையிலிருந்த நல்ல கேமராவை வாங்கிக்கொண்டு ஹோல்காவைக் கொடுத்து இதில் எடு என்றாராம், இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆக உங்கள் மகளின் போனில் இருப்பது இந்த டப்பாவின் பேரப்பிள்ளை. ஆனால் போனில் எடுக்கும்போதே பார்க்கப்போகிறவர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எடுத்த நொடியில் பார்க்கிறோம், நன்றாயில்லை என்றால் அழிக்கிறோம், கசிவு வேண்டுமென்றால் எந்த மூலையில், எவ்வளவு என்று விரலால் இழுத்து வைக்கிறோம். பார்க்கிறவருக்குப் பிடிக்க வேண்டுமே என்ற கவலை எல்லாவற்றிலும் இருக்கிறது. உங்கள் கடையில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற வாடிக்கையாளர் இப்போது சட்டைப் பைக்குள்ளேயே குடிவந்துவிட்டார், அவ்வளவுதான். ஹோல்காவில் எடுத்தது கழுவி வருவதற்குள் எதை எடுத்தோம் என்றே மறந்துபோயிருக்கும், யார் பார்ப்பார்கள் என்றா யோசிக்கத் தோன்றும்?

வேலைக்கு ஆகாது என்றேன், ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. டேவிட் பர்னெட் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர், வியட்நாம் போரையெல்லாம் எடுத்தவர். 2000-ல் அதிபர் வேட்பாளர் அல் கோரின் தேர்தல் பிரச்சாரக் கூட்டத்தை ஹோல்காவில் எடுத்தார், அந்தப் படத்துக்கு அடுத்த வருடம் வெள்ளை மாளிகைப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் போட்டியில் பரிசும் கிடைத்தது. அங்கே மற்றவர்களெல்லாம் நல்ல லென்ஸ்களோடு ஒரே மேடையைப் பார்த்து நின்றிருப்பார்கள், படங்களும் ஒன்றுபோலவே வந்திருக்கும். இவருடையது கருப்பு வெள்ளையில், ஓரம் கரைந்து, என்றைக்கோ நடந்த கூட்டம் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று, முப்பது வருடம் தொழில் பார்த்த கை அது. டப்பாவுக்கே பரிசு கிடைத்ததாக நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் உங்களைப் போலத்தான் எரிச்சல் வருகிறது. மலிவுக்கென்று செய்த பொருளை இன்று நாகரிகமான பெட்டியில் வைத்து விற்கிற விலையும் அப்படித்தான். 2015-ல் தயாரிப்பு நின்றுபோனதும் பழையதற்கெல்லாம் கிராக்கி, 2017-ல் மறுபடி செய்ய ஆரம்பித்த பிறகும் அந்த மோகம் முழுசாக இறங்கவில்லை. ரோல், கழுவல், ஸ்கேன் என்று கணக்குப் போட்டால் ஒவ்வொரு தடவை அமுக்குவதும் ஒரு வேளைச் சாப்பாடு. இதில் நான் உங்கள் கட்சி.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். சாயல்குடியில் என் அத்தை பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். அரக்குப் புடவை, கறுப்பென்றே சொல்லலாம். ஒரு படம் எடுத்தேன். ஹோல்காவில் ஷட்டருக்கும் பிலிம் சுற்றுகிற திருகுக்கும் தொடர்பு கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் அதே இடத்தில் அமுக்கலாம். சுற்ற மறந்துவிட்டேன். மறுநாள் பாம்பன் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலை எடுத்தபோது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெள்ளை வேட்டி ஏற்கெனவே நெகட்டிவைக் கெட்டிக் கறுப்பாக்கிவிட்டது, அங்கே கடல் வந்தும் ஏற இடமில்லை. அத்தையின் புடவை விழுந்த இடம் மட்டும் நெகட்டிவில் காலியாகக் கிடந்திருக்கிறது. பிரிண்டில் பார்த்தால் புடவைக்குள் மட்டும் அலை. கொசுவத்திலிருந்து தோள்வரை அலை, முழங்கைக்குக் கீழே தூரத்தில் ஒரு வள்ளம். பிலிமைக் கழுவிய லேப்காரர் இதை பிரிண்டே போடவில்லை, “டபுள் அடிச்சிருச்சு சார்” என்று காசைக் கழித்துக்கொண்டு கொடுத்தார். அடுத்த இரண்டு பிரேம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன, அவற்றை நடுவில் கத்தரித்தும் விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, கல்யாண ஆல்பத்துக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். வேறு இடத்தில் பிரிண்ட் போட்டு அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “வடகத்தைக் காணோமேடா” என்றாள். உண்மைதான், நாலு படி அரிசி வடகமும் அந்த வெள்ளையில் போய்விட்டது.

இதை எப்படி எடுத்தேன் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. இன்னொன்று எடுக்கவும் வராது, வேண்டுமென்றே இரண்டைச் சேர்த்துப் பார்த்த நாற்பது ஐம்பது படமும் குப்பைதான். இது கலையா என்று நீங்கள் கேட்டால் அந்தப் பேச்சுக்கு நான் வரவில்லை. அது இல்லாமல் என் வீடு இருக்காது, அவ்வளவு சொல்ல முடியும்.

உங்கள் மகளுக்குக் கொஞ்சம் விஷயம். பின் மூடியைப் பிடிக்கிற இரண்டு பக்கக் கிளிப்பும் தானாகக் கழன்று விழும், கறுப்பு டேப்பைச் சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். ரோல் முடிந்து எடுக்கும்போது ஸ்பூலில் தளர்வாகச் சுற்றிப் பெருத்திருந்தால் ஓரமெல்லாம் வெளிச்சம் அடித்துவிடும், அந்தச் சிவப்புப் பட்டை அதனாலும் இருக்கலாம். பிலிம் வந்த அட்டைப் பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து மடித்து புது ரோலுக்கு அடியில் சொருகினால் இறுக்கமாக ஓடும். நம் ஊர் வெயிலுக்கு வேகம் 100 உள்ள பிலிம் பொருந்தும், 400 போட்டால் நெகட்டிவ் கறுத்துத் தடிக்கும், ஆனாலும் படம் வந்துவிடும். சிலைடு பிலிம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் உங்களுக்கு ஒன்று. கழுவுகிற டேங்க்கைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டீர்கள், எந்த ஸ்டூடியோக்காரரும் போடுவதில்லை, பரணில்தான் இருக்கும். அடுத்த ரோலைக் கருப்பு வெள்ளையில் எடுக்கச் சொல்லுங்கள், நீங்களே கழுவிக் கொடுங்கள். கழுவுகிற மருந்துகளான டெவலப்பரும் ஹைப்போவும் இன்னும் கிடைக்கின்றன. பிரேம் ஒன்றோடு ஒன்று ஒட்டி வந்திருந்தால் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.