பழைய பைக்கின் இன்ஜின் சத்தம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 20 ஆண்டு பழைய, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் பைக். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் எழுந்து, ஐந்தாறு நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் டாப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்கிறார். இன்னொருவர் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவரும் காதில் விழுந்த ஓசையை மட்டும் வைத்து முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. ‘டக் டக்’ என்ற ஓசை டாப்பெட்டிலிருந்தும் வரும், பிஸ்டனிலிருந்தும் வரும், சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசிந்தாலும் வரும். ஆகவே ஓசை எப்படி இருக்கிறது என்பதைவிட, அது எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சூடானதும் அடங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான தகவல்.

டாப்பெட் இடைவெளி அதிகமாகிவிட்டால் எழும் சத்தம் சூடான பிறகும் பெரும்பாலும் முழுதாக மறைவதில்லை. மாறாக, தேய்ந்த போருக்குள் பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கும் சத்தம் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் உரக்கக் கேட்கும்; இரும்புச் சிலிண்டரைவிட அலுமினியப் பிஸ்டன் வெப்பத்தில் அதிகமாக விரிவதால், நடுவிலுள்ள இடைவெளி குறைந்து சத்தமும் தணிந்துவிடும். அப்படியானால் இரண்டாவது மெக்கானிக் சொன்னதே சரி என்று அவசரப்பட வேண்டாம். சைலன்சர் குழாயின் பேக்கிங் (இணைப்பில் கசிவை அடைக்கும் வளையம்) நைந்து போயிருந்தாலும், உலோகம் சூட்டில் விரிந்து அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும் என்பதால், சத்தம் இதே போலத்தான் அடங்கும். ஒரு பேக்கிங் மாற்றினால் தீரக்கூடிய கோளாறுக்காக இன்ஜினையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, குழாய் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சோப்புத் தண்ணீரை ஒரு தூரிகையால் அந்த இணைப்பில் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்தால், கசிவு இருக்கும் இடத்தில் நுரை கொப்புளித்துத் தெறிக்கும். தண்ணீர் காய்வதற்குள், அதாவது முதல் சில நொடிகளிலேயே பார்த்துவிட வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய அறையில் ஓடும் இன்ஜினின் புகை உயிருக்கே ஆபத்து.

கசிவு இல்லையென்றால் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவர் போதும். அதன் முனையை இன்ஜின் மீது ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்தினால், வெளியில் கலந்து கேட்கும் சத்தங்கள் தனித்தனியாகப் பிரியும். மேலே டாப்பெட் மூடியில் வைத்தால் மெல்லிய, கூர்மையான தட்டல். சிலிண்டரின் நடுப்பகுதியில் வைத்தால் சற்று மழுங்கிய அடி. வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சுழற்றும் கேம் செயின் ஓடும் பக்கத்தில் வைத்தால், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கும் பட்சத்தில், சலசலவென்ற உராய்வு. எங்கே ஓங்கிக் கேட்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். ஓடும் செயினிலிருந்தும் சூடான குழாயிலிருந்தும் கை, துணி, தலைமுடி விலகியிருக்கட்டும்.

எப்படியும் டாப்பெட்டை ஒருமுறை அளந்துவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் அமுக்க ஸ்ட்ரோக்கின் உச்சத்தில், இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் நிற்க வேண்டும். சிறிய இன்ஜின்கள் பலவற்றில் இந்த இடைவெளி 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும் என்றாலும், உங்கள் பைக்கின் கையேட்டில் உள்ள அளவையே கொள்ள வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளியைச் சரிசெய்யும் திருகும் கூடவே சற்றுத் திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பின் மறுபடியும் அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். சத்தமே கேட்கக் கூடாது என்று இடைவெளியை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால், வால்வு முழுதாக மூடாமல், சூட்டைச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் கருகிவிடும். லேசாகத் தட்டும் டாப்பெட்டைக் கண்டு நான் கவலைப்படுவதில்லை. பழைய இன்ஜினில் சத்தமே போடாத டாப்பெட்தான் எனக்குச் சந்தேகத்தைத் தரும்.

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது இன்ஜினின் ஒரு பக்கத்தில் கடகடவென்று சத்தம் வருகிறது. கிளட்ச்சைப் பிடித்தால் நின்றுவிடுகிறது. இது கிராங்க் சத்தமா?

பதில்: அநேகமாக இல்லை. கிளட்ச்சைப் பிடித்ததும் நிற்கும் சத்தம் பொதுவாகக் கிளட்ச் தட்டுகளைத் தாங்கும் கூடையிலோ, கியர்பாக்ஸின் பேரிங்கிலோ உள்ள தேய்மானத்தைக் காட்டுகிறது. கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பக்கக் கோளாறு கிளட்ச்சுக்குக் கட்டுப்படாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை தேய்ந்திருந்தால், கனமான, ஆழமான அடியாக, குறிப்பாக ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதோ விடும்போதோ ஓங்கிக் கேட்கும். அந்த அடி கேட்டால் வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல் இன்ஜினை அங்கேயே நிறுத்துங்கள். ராட் உடைந்தால் இன்ஜின் கேஸையே துளைத்துவிடக்கூடும்.

கேள்வி: கனமான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே?

பதில்: சில நாட்களுக்குக் குறையலாம், ஆனால் தேய்ந்த பாகம் தேய்ந்தபடியே இருக்கும். மேலும் கனமான ஆயில், குளிர்ந்த இன்ஜினில் மேலே கேம் வரை ஏறத் தாமதமாகும். புதிய ஆயில் வாங்குவதற்கு முன், இருக்கும் ஆயிலின் அளவைப் பாருங்கள். அளவு குறைந்தாலே கேம் பகுதி சத்தமிடத் தொடங்கும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, வடித்ததை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிற மைபோல் லேசாக ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். வெண்கல நிறத் தூளோ, ஊசிபோல் மின்னும் இரும்புச் சில்லோ விரலில் உறுத்தினால், புதிய ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்காமல், வண்டியை வேறொரு வாகனத்தில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டு செல்லுங்கள். அந்தத் துணியையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.