இணையத்தில் 'க்ரூமிங்' என்றால் என்ன? பிள்ளைகள் ஏன் அதில் சிக்குகிறார்கள்?

பாலியல் நோக்கத்தோடு ஒரு பெரியவர் பிள்ளையிடம் மெல்ல மெல்ல நம்பிக்கையை வளர்ப்பதுதான் க்ரூமிங். தொடக்கத்தில் தப்பாக எதுவும் தெரியாது. கேமில் ஓர் உதவி, போட்ட படத்துக்கு ஒரு பாராட்டு, அப்புறம் 'உன் அம்மாவுக்கு உன்னைப் புரியல, எனக்குப் புரியுது' என்ற ஆறுதல். பிறகு பேச்சு வேறொரு செயலிக்கு மாறும், 'யாரிடமும் சொல்லாதே' என்பார். என்னைக் கேட்டால், அந்த ரகசியம்தான் மிகப் பெரிய அபாய அறிகுறி.

பதின்ம வயதில், தான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஆளுக்கு மனம் ஏங்கும். கெட்டிக்காரப் பிள்ளையும் அதனால் சிக்கும். வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழ்த்தளத்தில் முன்பின் தெரியாதவர் தினமும் ஒரு சிறுவனோடு உட்கார்ந்து பேசினால் அண்டைவீட்டார் யாராவது விசாரிப்பார்கள். கைப்பேசிக்குள் அந்தக் கண்கள் இல்லை.

பிள்ளை வந்து சொன்னால் தயவுசெய்து திட்டாதீர்கள், அடுத்த முறை வாயே திறக்காது. உரையாடலை அழிக்காமல் வைத்துப் போலீசில் புகார் செய்யுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 'டிங்கிள் ஃபிரெண்ட்' உதவி எண்ணிலும் (1800-2744-788) பேசலாம்.

நேரில் சந்தித்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் 2020 முதல், 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர் 16 வயதுக்குக் குறைந்தவரிடம் தன் பாலியல் இச்சைக்காக ஆபாசமாகப் பேசுவதே குற்றம், அது குறுஞ்செய்தியாக இருந்தாலும் சரி.