சூரியக் காற்றை அளக்க விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தர்மபுரியில் சந்தித்தபோது தங்களுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால், கேட்டதற்கு என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மகள், சூரியனிலிருந்து வீசும் காற்றை விண்கலத்தில் கருவி வைத்து அளக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாகச் சொன்னீர்கள். “காத்தை அளக்கறதுக்கு ஒரு படிப்பா, அதுக்கு யாருங்க சம்பளம் குடுப்பாங்க?” என்ற தங்கள் கேள்வியில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது என்பது எனக்குப் புரிந்தது. பாலக்கோட்டுச் சந்தையில் ஒரே வாரத்தில் தக்காளி விலை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகியவர், மகளின் படிப்பிலும் அப்படியொரு சூதாட்டம் வேண்டாம் என்று நினைப்பது இயல்பே. ஆகவே அந்த வேலை எத்தகையது என்பதை முதலில் விளக்கிவிட்டு, பிறகு கல்லூரிக்கு வருகிறேன்.

சூரியக் காற்று என்பது நாம் அறிந்த காற்று அன்று. சூரியனின் வெளி வளிமண்டலம் பத்து லட்சம் பாகைக்கும் மேல் கொதிப்பதால், அங்குள்ள மின்னூட்டம் பெற்ற துகள்களில் ஒரு பகுதி சூரியனின் ஈர்ப்பையும் மீறி எல்லாத் திசைகளிலும் இடைவிடாமல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதி புரோட்டான்களும் எலக்ட்ரான்களும். சில விழுக்காடு ஹீலியத்தின் அணுக்கருக்களான ஆல்ஃபா துகள்கள். 1958இல் அமெரிக்க இயற்பியலர் யூஜீன் பார்க்கர் இப்படியொரு காற்று வீசியே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது பலர் நம்பவில்லை. 1959இல் சோவியத் லூனா 1 கலத்தின் கருவிகள் அதன் தடயத்தைக் கண்டன, 1962இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரினர் 2 அதை ஐயமற உறுதி செய்தது. பூமிக்கு அருகில் அதன் வேகம் வழக்கமாக நொடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வரை இருக்கும். அடர்த்தியோ ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து துகள்கள் அளவில்தான். நம் ஆய்வகங்களில் வழக்கமாக எடுக்கும் உயர் வெற்றிடத்தில்கூட இதைவிடக் கூடுதலான துகள்கள் இருக்கும். இல்லாதது போலவே இருக்கும் இந்த ஒன்றை எண்ணிக் கணக்கெடுப்பதுதான் தங்கள் மகள் சொல்லும் வேலை.

எண்ணும் முறைகளில் பழையது ஃபாரடே கிண்ணம் எனப்படும் கருவி. சூரியனை நோக்கித் திறந்த ஓர் உலோகக் கிண்ணம், அதன் வாயில் மின்னழுத்தம் ஏற்றிய கம்பி வலைகள், அடியில் துகள்களை வாங்கிக்கொள்ளும் தகடு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. வலையில் அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் குறைந்த துகள்கள் திருப்பி அனுப்பப்படும், வேகமானவை மட்டுமே தகட்டை அடையும். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகம், கன சென்டிமீட்டருக்கு ஐந்து துகள்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி புரோட்டான்கள் வந்து விழுகின்றன. கேட்பதற்குப் பெரிய எண்ணிக்கையாகத் தெரியும். ஆனால் அவை எல்லாம் சேர்ந்து தரும் மின்னோட்டம், ஓர் ஆம்பியரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் முப்பது பங்குதான். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை, விண்கலத்தின் மற்ற மின்சுற்றுகளின் இரைச்சலிலிருந்து பிரித்து எடுப்பது வானியல் அன்று, ஐயா. அது சுத்தமான எலக்ட்ரானிக்ஸ்.

இன்னொரு வகைக் கருவியில், ஒன்றினுள் ஒன்றாகப் பொருந்திய இரண்டு அரைக்கோளத் தகடுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அவற்றுக்கிடையே மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். குறிப்பிட்ட ஆற்றலுடன் வரும் துகள் மட்டுமே அந்த வளைவில் திரும்பி மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஆற்றல் கூடினால் வெளித் தகட்டிலும், குறைந்தால் உள் தகட்டிலும் மோதி நின்றுவிடும். மண்டியில் தக்காளியை அளவு பார்த்துப் பிரிப்பது போலத்தான் இது. சல்லடையின் கண்ணை மாற்றுவதற்குப் பதிலாக மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றுகிறார்கள். தப்பிப் பிழைத்து வந்த துகள், நுண்துளைகள் நிறைந்த ஒரு கண்ணாடித் தகட்டில் மோதும். அந்த ஒரே மோதல் பல லட்சம் எலக்ட்ரான்களாகப் பெருகி, எண்ணத்தக்க ஒரு துடிப்பாக வெளிவரும். புரோட்டானும் ஆல்ஃபா துகளும் ஒரே வேகத்தில் வந்தாலும், ஆல்ஃபாவின் நிறை நான்கு மடங்கு, மின்னூட்டம் இரண்டு மடங்கு என்பதால், அது இரு மடங்கு மின்னழுத்தத்தில் தனியொரு முகடாகத் தெரியும். தங்கள் மகள் பிளஸ் டூ இயற்பியலில் மின்புலத்தில் துகளின் இயக்கம் என்று படித்த பாடமே இங்கே வேலை செய்கிறது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

நம் நாட்டின் ஆதித்யா-எல்1 கலம் 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6ஆம் தேதி பூமியிலிருந்து சூரியனின் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், பூமியோடு இணைந்தே சூரியனைச் சுற்றிவர இடமளிக்கும் எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் சேர்ந்தது. அதில் உள்ள ஏழு கருவிகளில் மூன்று, தம்மைக் கடந்து போகும் சூரியக் காற்றையும் அதன் காந்தப்புலத்தையும் அங்கேயே அளப்பவை. அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவாக்கியது ஆஸ்பெக்ஸ். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவாக்கியது பாபா. காந்தமானி பெங்களூருவில் உருவானது. ஆஸ்பெக்ஸின் ஒரு பகுதியான ஸ்விஸ், நான் மேலே சொன்ன அரைக்கோள வகையைச் சேர்ந்த இரண்டு பிரிப்பான்களை ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் வைத்திருக்கிறது. எல்1 புள்ளியைக் கடக்கும் காற்று பூமியை வந்தடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் பாதிக்கக்கூடிய சூரியப் புயலுக்கு அது முன்னறிவிப்பாகவும் பயன்படும். தாங்கள் கேட்ட ‘யார் சம்பளம் கொடுப்பார்கள்’ என்பதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது: இந்த எச்சரிக்கை நாட்டுக்குத் தேவை என்பதால் அரசே கொடுக்கிறது.

இப்போது படிப்புக்கு வருகிறேன். பெற்றோர் பலர் ‘விண்வெளி’ என்று கேட்டவுடன் ஏரோநாட்டிக்கல் பொறியியலைத் தேடி, கடன் வாங்கியாவது ஏதேனும் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுகிறார்கள். அது விமானத்தின் உடலையும் இறக்கையையும் எஞ்சினையும் பற்றிய படிப்பு. நல்ல படிப்புதான், ஆனால் துகளை எண்ணும் கருவிக்கு நேர்வழி அன்று. அந்தக் கடனைத் தாங்கள் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சூரியக் காற்று ஏன் இப்படி வீசுகிறது என்பது அவரைத் தூங்கவிடாமல் செய்கிறதா, அதை எப்படி எண்ணினார்கள் என்பது தூங்கவிடாமல் செய்கிறதா? முதலாவது என்றால் இயற்பியல். இரண்டாவது என்றால் எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன். என்னிடம் பேசிய அரை மணி நேரத்தில் அவர் மூன்று முறை கருவியைப் பற்றியும் ஒரு முறை சூரியனைப் பற்றியும் கேட்டார் என்பதால், என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. ஆயினும் முடிவு அவருடையது.

பொறியியல் என்றால், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்பதால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அவருக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. அவ்வாறு சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பர்கூரிலும், தர்மபுரியை அடுத்த செட்டிக்கரையிலும் உள்ள அரசு பொறியியல் கல்லூரிகளைக் கலந்தாய்வில் தயங்காமல் குறியுங்கள். பக்கத்து ஊர்க் கல்லூரி என்று குறைத்து மதிப்பிடத் தேவையில்லை: ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இதே எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கியவர். இஸ்ரோவில் விஞ்ஞானி-பொறியாளர் பணிக்கு எழுத்துத் தேர்வு வைத்தோ, கேட் எனப்படும் தேசியத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்தோ வடிகட்டி, பிறகு நேர்முகத்துக்கு அழைப்பார்கள். பட்டத்தில் முதல் வகுப்புடன் 65 விழுக்காடு மதிப்பெண் அல்லது 6.84 புள்ளிச் சராசரி இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. போட்டி மிகக் கடுமையானது என்பதையும் மறைக்க மாட்டேன்.

இயற்பியல் என்றால் பாதை நீளமானது, ஆனால் செலவு குறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி., அதன்பின் எம்.எஸ்சி.; இடையில், எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்குப் போகலாம். எம்.எஸ்சி. முடித்தபின் நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேசியத் தேர்வுகளில் ஏதேனும் ஒன்றில் நல்ல இடம் பெற்றால், அகமதாபாத் போன்ற ஆய்வுக்கூடங்கள் நேர்முகத்துக்கு அழைக்கும். இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும்; ஆகவே முனைவர் பட்டக் காலத்தில் அவர் தங்களிடம் பணம் கேட்க மாட்டார். பட்டம் முடியும்போது வயது இருபத்தெட்டையோ இருபத்தொன்பதையோ எட்டியிருக்கும். கல்யாணப் பேச்சு வீட்டில் எப்போது எழும் என்பது எனக்குத் தெரியும், ஐயா. அதைத் தாங்களும் அம்மாவும் அவரோடு இப்போதே மனம் விட்டுப் பேசிவிடுவது நல்லது, முனைவர் பட்டப் படிப்பின் நான்காம் ஆண்டில் பேசுவது நல்லதன்று. மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர், திருவனந்தபுரத்தின் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி. போன்றவற்றுக்கான நுழைவுத் தேர்வுகளை முயலலாம். ஆனால் ஓராண்டை முழுதாகப் பயிற்சி மையத்தில் செலவிட நான் பரிந்துரைக்கவில்லை.

அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதே தங்கள் உண்மையான பயம். பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு ஒரு மாணவனிடம் ‘முதலில் வேலை, பிறகு ஆசை’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, பின்னாளில் நான் வருந்தியிருக்கிறேன். இந்தக் கருவியைச் செய்பவர் கற்றுக்கொள்ளும் திறன்களைப் பாருங்கள்: மிகச் சிறிய மின்னோட்டத்தை அளப்பது, உயர் மின்னழுத்தச் சுற்று அமைப்பது, வெற்றிடக் கலத்தில் கருவியை வைத்து அறிந்த ஆற்றலுடைய அயனிக் கற்றையைச் செலுத்தி அளவுத்திருத்தம் செய்வது, கிடைத்த எண்களை நிரல் எழுதி ஆராய்வது. மருத்துவமனை ஸ்கேன் கருவிக்கும், சிப் தயாரிப்புக்கும், ஓசூரின் மின்வாகனத் தொழிற்சாலைக்கும் இவற்றில் ஒன்றேனும் தேவைப்படும். காற்றுக்குப் போகும் வழியில் அவர் எங்கு இறங்கினாலும் ஊர் இருக்கும்.

தேர்வு முடிவு வரும் வரை அவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆதித்யா-எல்1 தரவுகளை இஸ்ரோ இணையத்தில் பொதுவெளியில் வைத்திருக்கிறது. 1990களிலிருந்து பறக்கும் விண்ட், ஏஸ் கலங்களின் அளவீடுகளை நாசா இலவசமாகத் தருகிறது. பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி எழுதினால், ஒரு மாதத்துச் சூரியக் காற்றின் வேகத்தை வரைபடமாக்கலாம். அதில் வேகம் திடீரென எகிறும் நாள்களைக் குறித்து, ஏன் எகிறியது என்று அரைப்பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் இருவரும் வாருங்கள். கணினி இல்லையென்றால் இங்கேயே அமர்ந்து செய்யலாம். கலந்தாய்வு விண்ணப்பத்துக்குரிய சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை மட்டும் மறவாமல் கொண்டு வாருங்கள்.