புது வீட்டுச் சுவரில் ஈரம்

கேள்வி: வீடு கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை, காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. கட்டிக்கொடுத்தவர் ‘காயக் காயச் சரியாகிவிடும்’ என்கிறார். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். கான்கிரீட்டும் பூச்சும் தங்களுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே விட ஒரு வருடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஆனால் கண்ணாடியில் நிற்பது அறைக் காற்றின் ஈரம். குளியல், சமையல், உள்ளே காயப்போடும் துணி, ஏன், நாம் விடும் மூச்சுகூடச் சேர்ந்துதான் குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படிகிறது. சுவரில் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அது மாதாமாதம் குறையாமல் இருந்தாலோ மழைக்குப் பின் கூடினாலோ கசிவுதான், கட்டியவரை விடாதீர்கள்.

காற்றின் ஈரம் என்றால், குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் கால் மணி நேரம் ஓடட்டும், அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஹைக்ரோமீட்டரில் பாருங்கள். அப்புறம், பூஞ்சையைச் சுத்தம் செய்யாமல் அதன் மேலேயே பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், திரும்ப வந்துவிடும்.